வகை தவறிய உராய்வு: ஒரு பழைய அம்பாசடர் 5000 ரீலின் நிகழ்வு ஆய்வு

தூண்டிற்கோலின் மேல் பொருத்தி, இரையை வீசி மீன்பிடிக்க உதவும் பழைய பெய்ட்காஸ்டிங் ரீல் ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலோர் செய்யும் முதல் சோதனை, ஸ்பூலை, அதாவது தூண்டில் நரம்பு சுற்றிய உருளையை, விரலால் சுண்டிவிட்டு அது எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்று பார்ப்பதுதான். நெடுநேரம் சுற்றினால் நல்ல ரீல், சட்டென்று நின்றால் பழுதான ரீல் என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அந்தச் சோதனை உண்மையில் எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பதை எனக்குத் தெளிவாக விளக்கிய ரீல் பற்றியது இந்தக் கட்டுரை. ஸ்வீடனின் அபு நிறுவனம் செய்த, சிவப்புப் பக்கத்தட்டுகள் கொண்ட அம்பாசடர் 5000 அது. கைப்பிடிப் பக்கத்தில் நான்கு திருகுகள் உள்ள பழைய அமைப்பு. பழுப்புநிறத் தோல் பெட்டி, உதிரிப் பாகங்கள் போட்டுவைத்த சிறிய குழாய், திருகு கழற்றும் கருவி ஆகிய எல்லாமே உடன் இருந்தன.

அதன் மேல் இருந்த குற்றச்சாட்டு விசித்திரமானது. வீசிய உடனேயே நரம்பு சிக்கலாகிவிடும். சிக்காமல் தப்பிய வீச்சோ பாதி தூரத்தில் செத்து விழும். இந்த இரண்டு குறைகளும் ஒன்றுக்கொன்று முரணானவை. ஸ்பூல் மிகையாகச் சுற்றினால்தான் சிக்கல் வரும். ஸ்பூல் சுற்றத் திணறினால்தான் தூரம் குறையும். ஒரே ரீலில் இரண்டும் எப்படி இருக்க முடியும்?

இந்தக் கேள்விதான் அதைக் கழற்றிப் பார்க்கத் தூண்டியது.

இந்த ரீல் வந்த வழி

பெய்ட்காஸ்டிங் ரீலின் வரலாறு கடிகாரம் செய்பவர்களின் வரலாறு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், பாரிஸ் என்ற சிற்றூரில் வாழ்ந்த ஜார்ஜ் ஸ்னைடர் கடிகாரமும் வெள்ளிவேலையும் தெரிந்தவர். கைப்பிடி ஒரு சுற்றுச் சுற்றும்போது ஸ்பூல் பல சுற்றுச் சுற்றும்படி பல்சக்கரம் வைத்த ரீல்களை அவர் செய்தார். அதே மாநிலத்தின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் மீக் சகோதரர்கள் அந்தக் கலையை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். நிக்கல் சில்வரில் கையால் செய்த அவர்களுடைய ரீல்கள் இன்று அருங்காட்சியகத் தரம் வாய்ந்தவை. நரம்பைச் சீராகப் பரப்பிச் சுருட்டும் லெவல் வைண்டு அமைப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் மிச்சிகனின் கலமசூ நகரைச் சேர்ந்த வில்லியம் ஷேக்ஸ்பியர் ஜூனியர். 1897இல் அவர் தொடங்கிய நிறுவனம்தான் பிறகு ஷேக்ஸ்பியர் ரீல்களால் பெயர்பெற்றது.

அபுவும் கடிகாரத்தில்தான் தொடங்கியது. ஸ்வீடனில் மோர்ரும் ஆற்றங்கரையில் உள்ள ஸ்வெங்ஸ்டாவில் கார்ல் ஆகஸ்ட் போர்க்ஸ்ட்ரோம் 1921இல் நிறுவிய ஆலை அது. சட்டைப்பைக் கடிகாரம், டாக்ஸி மீட்டர் என்று நுணுக்கமான இயந்திரங்களைச் செய்துவந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டாக்ஸி மீட்டருக்கான தேவை சரிந்தபோது, நிறுவனரின் மகன் யோத்தே போர்க்ஸ்ட்ரோம் ஆலையை ரீல் பக்கம் திருப்பினார். 1950களின் முற்பகுதியில் பிறந்த அம்பாசடர் 5000, கார்சியா நிறுவனம் வழியாக அமெரிக்கச் சந்தைக்குப் போய், அதுவரை அங்கே கோலோச்சிய ரீல்களைப் பழையவை ஆக்கிவிட்டது.

ஏன் என்று புரிந்துகொள்ள, அதற்கு முந்தைய அமெரிக்க லெவல் வைண்டு ரீல்களைப் பார்க்க வேண்டும். ஃப்ளூகர் சுப்ரீம் போன்றவை அழகிலும் செய்நேர்த்தியிலும் எதற்கும் குறைந்தவை அல்ல. ஆனால் அவற்றில் ஸ்பூலைப் பல்சக்கரத்திலிருந்து பிரிக்க வழியில்லை. வீசும்போது ஸ்பூலோடு சேர்ந்து பல்சக்கரம், கைப்பிடி, லெவல் வைண்டு எல்லாமே சுழலும். ஸ்பூல் நொடிக்கு 200 சுற்றுச் சுற்றினால், நான்குக்கு ஒன்று விகிதம் கொண்ட ரீலில் கைப்பிடி நொடிக்கு 50 சுற்றுச் சுற்றும். விரல் முட்டி அதில் பட்டால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. அம்பாசடரில் பெருவிரலால் ஒரு பொத்தானை அழுத்தினால் ஸ்பூல் தனியே விடுபடும். கைப்பிடியைத் திருப்பினால் மீண்டும் பூட்டிக்கொள்ளும். அதோடு மையவிலக்கு பிரேக்கும், மீன் இழுக்கும்போது நரம்பை அளவோடு விட்டுக்கொடுக்கும், நட்சத்திரச் சக்கரத்தால் இறுக்கும் டிராகும் ஒரே உடலுக்குள் வந்துவிட்டன. இந்த மூன்றையும் தனித்தனியாக வேறு சிலரும் முயன்றிருக்கிறார்கள். ஒன்றாக, உறுதியாக, பழுதில்லாமல் பல ஆண்டுகள் வேலை செய்யும்படி சேர்த்ததுதான் ஸ்வெங்ஸ்டாக்காரர்களின் சாதனை.

வெளியிலிருந்து படித்தது

திருகைத் தொடுவதற்கு முன் ரீலைப் பூதக்கண்ணாடியில் பொறுமையாகப் படிக்க வேண்டும். சேகரிப்பவருக்கு இது மதிப்பைச் சொல்லும். பயன்படுத்துபவருக்கு இது நோய்க்குறிப்பேடு.

முதலில் திருகுகளின் தலை. பிளவுகளின் ஓரம் சிதைந்திருந்தால், பொருந்தாத திருப்புளியோடு யாரோ உள்ளே போயிருக்கிறார்கள் என்று பொருள். இந்த ரீலில் கைப்பிடிப் பக்கத் திருகுகள் தொட்ட அடையாளமே இல்லாமல் இருந்தன. ஸ்பூல் அச்சின் முனைகளை அழுத்தும் முனை மூடிகளின் சொரசொரப்பான விளிம்பில் மட்டும் இடுக்கியின் பல் பதிந்திருந்தது. விரலால் திருப்ப வேண்டிய மூடியை இடுக்கி கொண்டு இறுக்கியவர் யாரோ, எதையோ அடக்க முயன்றிருக்கிறார். அந்தத் தழும்பு எனக்கு முதல் தடயம்.

அடுத்தது பாதம், அதாவது தூண்டிற்கோலின் மேல் உட்காரும் தட்டு. கோலின் பிடிக்குள் நுழையவில்லை என்பதற்காக இதன் ஓரங்களை அரம் போட்டுத் தேய்த்துவிடும் வழக்கம் முன்பு பரவலாக இருந்தது. சேகரிப்பாளர் கண்ணுக்கு அது ஆறாத புண். இந்த ரீலில் பாதம் முழுமையாக இருந்தது. 1970களின் அபு ரீல்களில் பாதத்தின் அடியில் பொறித்த எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களை ஆண்டாகவும் அடுத்த இரண்டை மாதமாகவும் சேகரிப்பாளர்கள் படிக்கிறார்கள். அதன்படி இது அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. ஆனால் அந்த எண் பாதத்துக்கும் அது பொருத்தப்பட்ட சட்டத்துக்கும் மட்டுமே சாட்சி. பக்கத்தட்டு, ஸ்பூல், கைப்பிடி எல்லாம் பிற்கால ரீலிலிருந்து வந்திருக்கலாம். பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்துவது இந்த ரீல்களின் பெருமை. அதே பொருத்தம்தான் கலப்பு ரீல்கள் பெருகவும் காரணம். ஆகவே எண்ணை மட்டும் பார்த்து ஒரு ரீலின் வயதைச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். பக்கத்தட்டின் எழுத்து வடிவம், திருகுகளின் எண்ணிக்கை, தேய்மானம் எல்லாப் பாகங்களிலும் ஒரே அளவில் இருக்கிறதா என்பது ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சட்டம் குரோம் பூசிய பித்தளை. அதன் கீழ்த்தூண்களில், தோல் பெட்டியின் உள்பக்கத்தைத் தொட்டுக்கொண்டிருந்த இடங்களில் மட்டும் மெழுகு போன்ற பச்சைப் படிவு திரண்டிருந்தது. தாவரச் சாற்றில் பதனிட்ட தோலில் உள்ள அமிலங்களும் கொழுப்பும் ஈரத்தோடு சேரும்போது, குரோம் பூச்சின் நுண்துளைகள் வழியே பித்தளையிலுள்ள செம்பைத் தாக்கும். பித்தளை வைத்த பழைய பொருள்களைத் தோலுறைக்குள் பூட்டிவைத்த எல்லோருக்கும் இந்தப் பச்சை தெரியும். பெட்டி அழகானது, ரீலின் வரலாற்றில் பிரிக்க முடியாத பகுதி. ஆனாலும் ரீலை அதற்குள் வைத்துப் பல ஆண்டுகள் மூடிவைப்பது ரீலுக்குச் செய்யும் தீங்கு. பெட்டியும் ரீலும் ஒரே அலமாரியில் அருகருகே இருக்கட்டும். ஒன்றுக்குள் ஒன்று வேண்டாம்.

உள்ளே

பக்கத்தட்டைக் கழற்றியதும் பாதிக் கதை விளங்கியது. ஸ்பூலின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கம்பிகளில் பிரேக் கட்டைகள் கோத்திருக்க வேண்டும். ஸ்பூல் வேகமாகச் சுற்றும்போது அவை வெளியே தள்ளப்பட்டு, தட்டினுள் இருக்கும் வளையத்தில் உரசி வேகத்தைக் கட்டுப்படுத்தும். ஒரு கம்பியில் கட்டையே இல்லை. மற்றொன்றில் இருந்த கட்டையின் முகம் கண்ணாடிபோல் பளபளத்தது. வளையம் முழுவதும் எண்ணெய்ப் படலம். பக்கத்திலுள்ள புஷ்ஷில், அதாவது அச்சைத் தாங்கும் உலோக வளையத்தில், யாரோ தாராளமாக எண்ணெய் விட்டிருக்கிறார்கள். சுழற்சி அதை வெளியே வீசியடித்து வளையத்தில் பூசிவிட்டது.

5000 ரீலில் ஸ்பூல் அச்சு வெண்கலப் புஷ்களில் ஓடுகிறது. பேரிங் வைத்தது பின்னால் வந்த 5000 சி. இந்தப் புஷ்களுக்குள் கெட்டியான கிரீஸ் அடைத்து, காலப்போக்கில் அது பழுப்பு மெழுகாக உறைந்திருந்தது. லெவல் வைண்டின் திருகுதண்டில் கிரீஸும் மணலும் கலந்த கறுப்புச் சேறு. தண்டின் பள்ளத்தில் ஓடும் சிறிய நாக்கின் முனை ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது. பல்சக்கரங்கள் மட்டும் நன்றாக இருந்தன. பல்லின் முகத்தில் சீரான ஒளிர்வு, எங்கும் முறிவில்லை. இந்த ஆலையின் உலோகத் தேர்வும் வெட்டும் பற்றி என் மரியாதை அந்தப் பல்சக்கரத்தைப் பார்த்தபோது இன்னும் கூடியது.

உராய்வில் மூன்று வகை

இந்த ஆய்வின் மையம் இங்கேதான் இருக்கிறது. ஸ்பூலை நிறுத்தும் உராய்வு ஒரே பொருள் அல்ல. அது மூன்று வகைப்படும்.

முனை மூடியை இறுக்கினால் அச்சின் முனை அழுத்தப்படுகிறது. இது உலர் உராய்வு. ஸ்பூல் எந்த வேகத்தில் சுற்றினாலும் ஏறக்குறைய ஒரே அளவில் பிடித்து இழுக்கும். இரண்டாவது, எண்ணெயும் கிரீஸும் தரும் பாகுநிலை உராய்வு. வேகம் இரட்டித்தால் இதுவும் இரட்டிக்கும். பிற்காலத்து ரீல்களில் வந்த காந்த பிரேக்கும் இந்தக் குணம் கொண்டதே. மூன்றாவது மையவிலக்கு பிரேக். இதில் கட்டையை வெளியே தள்ளும் விசை வேகத்தின் இருபடிக்கு நேர்விகிதம். வேகம் இரட்டித்தால் பிரேக் நான்கு மடங்கு; வேகம் பாதியானால் கால் பங்கு.

இப்போது ஒரு வீச்சை நினைத்துப் பாருங்கள். செயற்கை இரை நொடிக்கு 22 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று கொள்வோம். நரம்பு நிறைந்த ஸ்பூலின் விட்டம் 3.5 செ.மீ என்றால் சுற்றளவு சுமார் 11 செ.மீ. அப்படியானால் ஸ்பூல் நொடிக்கு 200 சுற்று, நிமிடத்துக்கு 12,000 சுற்று ஓட வேண்டும். இரை கிளம்பியதுமே காற்று அதைத் தடுக்கத் தொடங்குகிறது. காற்றின் தடையும் வேகத்தின் இருபடியைப் பொறுத்ததுதான். ஆகவே இரை மிக விரைவாக வேகம் இழப்பது வீச்சின் முதல் பகுதியில். ஸ்பூலோ தன் நிலைமத்தால் பழைய வேகத்திலேயே சுற்ற விரும்புகிறது. இரை கேட்பதைவிட அதிக நரம்பை அது விடுகிறது. அந்த மிகை நரம்பு பின்னோக்கிச் சுருண்டு சிக்கலாகிறது.

எனவே பிரேக் பலமாகத் தேவைப்படுவது தொடக்கத்தில். வீச்சின் கடைசிப் பகுதியில் அது ஏறக்குறைய இல்லாமலே போக வேண்டும். மையவிலக்கு பிரேக் இதைத் தானாகவே செய்கிறது. இரையைக் காற்று எந்த விதியில் தடுக்கிறதோ அதே விதியில் ஸ்பூலை அது தடுக்கிறது. இந்தப் பொருத்தம்தான் அம்பாசடரின் உயிர்நாடி.

நம் ரீலில் நடந்தது என்ன? ஒரு கட்டை தொலைந்தது. எண்ணெய் வழிந்து மற்றதன் பிடியும் போனது. இருபடிப் பிரேக் மறைந்ததும் தொடக்கச் சிக்கல் வந்தது. அதை அடக்க முந்தைய உரிமையாளர் முனை மூடியை இடுக்கியால் இறுக்கினார். நிலையான உராய்வு ஏறியது. உச்ச வேகத்தில் ஓடும் ஸ்பூலுக்கு அந்த உராய்வு போதவில்லை. ஆகவே சிக்கல் தொடர்ந்தது. ஆனால் வேகம் தணிந்த கடைசிப் பகுதியில் அதே உராய்வு ஸ்பூலின் கழுத்தைப் பிடித்தது. ஆகவே வீச்சு பாதியில் செத்தது. முரணாகத் தெரிந்த இரண்டு குறைகளுக்கும் வேர் ஒன்றே. உராய்வு கூடவுமில்லை, குறையவுமில்லை, வகை மாறியிருந்தது.

சுண்டல் சோதனை ஏன் ஏமாற்றும் என்பதும் இதிலிருந்து விளங்கும். விரலால் சுண்டினால் ஸ்பூல் நொடிக்கு 10 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், அது வீச்சு வேகத்தில் 20இல் ஒரு பங்கு. அந்த வேகத்தில் மையவிலக்கு பிரேக்கின் விசை 400இல் ஒரு பங்கு மட்டுமே. அதாவது விரல் சோதனை மூடியின் இறுக்கத்தையும் கிரீஸின் கெட்டித்தன்மையையும் காட்டும். பிரேக் இருக்கிறதா இல்லையா என்பதைக் காட்டவே காட்டாது. நெடுநேரம் சுற்றும் ஸ்பூலை வைத்துக்கொண்டு சிக்கலோடு போராடுபவர்கள் பலர் இந்த இடத்தில்தான் வழி தவறுகிறார்கள்.

ஒவ்வொன்றாகச் சரிசெய்தது

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சுத்தம் செய்துவிட்டால் எது எதைக் குணப்படுத்தியது என்று தெரியாமல் போகும். ஆகவே ஒரு மாற்றம், பிறகு புல்வெளியில் வீச்சு, பிறகு அடுத்த மாற்றம் என்ற வரிசையில் போனேன். இரைக்குப் பதில் கொக்கி இல்லாத 18 கிராம் எடை. காஸ்டிங் போட்டிகளில் இந்த வகை ரீலுக்கு வைக்கும் எடை அதுவே. பழைய ரீல்களுக்கும் அது இதமானது. காற்றில்லாத காலைப்பொழுதுகளில் மட்டும் வீசினேன்.

முதலில் பிரேக் வளையத்தை மட்டும் தொட்டேன். எண்ணெயைச் சாராயக் கரைப்பானில் நனைத்த பஞ்சால் துடைத்து உலரவிட்டேன். உதிரிக் குழாயில் பயன்படுத்தாத பிரேக் கட்டைகள் இருந்தன. பெட்டியோடு வந்த உதிரிகளைத் தொடாமல் வைப்பதே சேகரிப்பு நெறி என்று சிலர் சொல்வார்கள். தேய்ந்தால் மாற்றுவதற்காகவே ஆலை அவற்றைக் கொடுத்தது என்பது என் கருத்து. இரண்டு கட்டைகளைக் கோத்தேன். இரண்டும் ஒரே அளவாக இருப்பது முக்கியம், இல்லையென்றால் ஸ்பூல் உச்ச வேகத்தில் அதிரும். மூடியின் இறுக்கத்தை அப்படியே விட்டேன். தொடக்கச் சிக்கல் அன்றே போய்விட்டது. தூரம் மட்டும் பழையபடியே இருந்தது. ஊகம் சரிதான் என்று அப்போது உறுதியானது.

அடுத்து மூடியைத் தளர்த்தினேன். ஸ்பூலைப் பக்கவாட்டில் அசைத்தால் விரலுக்கு மட்டும் தெரியும்படி ஒரு மயிரிழை ஆட்டம் இருக்க வேண்டும். அதற்கு மேல் இறுக்கமும் வேண்டாம், தளர்வும் வேண்டாம். இன்றைய ரீல்களுக்குச் சொல்லப்படும் அறிவுரை வேறு: இரை மெல்லக் கீழே இறங்கும் அளவுக்கு மூடியை இறுக்கு என்பார்கள். பழகும் கைக்கு அது பாதுகாப்பு. ஆனால் மையவிலக்கு பிரேக் நன்றாக வேலை செய்யும் பழைய ரீலில் அந்த இறுக்கம் வீண் சுமை. மூடி தளர்ந்ததும் வீச்சுத் தூரம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கானது. இந்த ஆய்வில் கிடைத்த மிகப் பெரிய முன்னேற்றம் இந்த ஒரு திருப்பலில் வந்தது.

புஷ்களைச் சுத்தம் செய்தது மூன்றாவது. உறைந்த கிரீஸை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மரக்குச்சியால் வழித்தெடுத்தேன். உலோக ஊசி வெண்கலத்தில் கீறல் போடும். பிறகு மெல்லிய எண்ணெய், ஒரு புஷ்ஷுக்கு ஒரு சொட்டு, அதற்கு மேல் இல்லை. தூரம் சிறிதளவே கூடியது. ஒலி மாறியதுதான் கவனிக்கத்தக்கது: முன்பு கேட்ட மந்தமான உறுமல் போய், வீச்சின் தொடக்கத்தில் கட்டைகள் உரசும் மெல்லிய சீழ்க்கை கேட்டது. பிரேக் பிடித்து விடுவதை அந்த ஒலியிலிருந்தே அறியலாம்.

புஷ்ஷை எடுத்துவிட்டு நவீன பேரிங் பொருத்தலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பொருத்தலாம், பழைய புஷ்ஷைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எப்போது வேண்டுமானாலும் திரும்ப வைக்க முடிந்தால் அதில் குற்றமில்லை. ஆனால் நல்ல நிலையில் உள்ள வெண்கலப் புஷ், 15 கிராமுக்கு மேற்பட்ட எடையை வீசும்போது கிட்டத்தட்ட எதையும் இழக்கச் செய்வதில்லை. இலேசான இரைதான் வேண்டுமென்றால் அந்த வேலைக்கென்றே பிறந்த சிறிய 2500 சி போன்ற ரீல் இருக்கிறது. 5000ஐ அதுவாக மாற்றத் தேவையில்லை.

திருகுதண்டைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் கழுவி எண்ணெய் விட்டதும் நரம்பு சீராகப் பரவத் தொடங்கியது. நாக்கின் முனை தேய்ந்திருந்தாலும் திருப்பு முனைகளில் தடுமாறாமல் ஓடியது. அதனால் அதை மாற்றவில்லை. தண்டின் பள்ளம் தேய்ந்தால் சரிசெய்வது கடினம். நாக்கு தேய்ந்தால் மாற்றுவது எளிது. மென்மையான பாகம் தேயட்டும் என்றுதான் இப்படி வடிவமைத்திருக்கிறார்கள். மணலோடு ஓடவிட்டால் இரண்டுமே தேயும்.

டிராக் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. நட்சத்திரச் சக்கரம் ஆண்டுக்கணக்கில் இறுகிய நிலையில் கிடந்ததால் இழை வட்டுகள் அமுங்கி, இழுவை திக்கித் திக்கித் தொடங்கியது. சுத்தம் செய்து, தளர்வாக ஓய்வெடுக்க வைத்த பிறகு போதுமான அளவு சீரானது. வில்தராசில் இழுத்துப் பார்த்து, நரம்பு அறும் எடையில் கால் பங்குக்கு வைத்தேன். பயன்படுத்தி முடித்ததும் தளர்த்திவிட வேண்டும்.

நரம்பு

ரீல் வந்தபோது ஸ்பூல் நிறைய மெல்லிய பின்னல் நரம்பு சுற்றியிருந்தது. இதை முதலிலேயே கழற்றிவிட்டேன். இந்த ரீல் உருவான காலத்தில் அத்தகைய நரம்பு கிடையாது. மயிர்போல் மெல்லிய பின்னல், இழுவை ஏறும்போது கீழ் அடுக்குகளுக்குள் புதைந்துகொள்ளும். அடுத்த வீச்சில் அங்கே சட்டென்று நிற்கும். இரை அறுந்து பறந்துவிடும். ஸ்பூல் விளிம்புக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள சந்தில் நழுவி அச்சில் சுற்றிக்கொள்வதும் உண்டு.

0.30 முதல் 0.35 மி.மீ வரையிலான நைலான் ஒற்றையிழை இந்த ரீலுக்கு ஒத்துப்போகிறது. விளிம்பு வரை நிரப்பக் கூடாது. நிலைமம் என்பது நிறையையும் ஆரத்தின் இருபடியையும் பொறுத்தது. விளிம்பருகே சுற்றிய நரம்புதான் ஸ்பூலை நிறுத்தக் கடினமாக்குகிறது. விளிம்புக்கு 2 அல்லது 3 மி.மீ கீழே நிறுத்தினால் பெருவிரலுக்கும் பிடி கிடைக்கும். எத்தனை பிரேக் இருந்தாலும் இந்த ரீல்களில் இறுதிப் பிரேக் பெருவிரல்தான். இரை நீரைத் தொடும் கணத்தில் ஸ்பூலை நிறுத்துவது அதன் வேலை. அதை எந்த இயந்திரமும் செய்யாது.

போருக்கு முந்தைய ரீல்களை வீசிப் பார்க்க விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. அவை பட்டுப் பின்னல் நரம்புக்காகச் செய்யப்பட்டவை. இறுக்கமாகச் சுற்றிய நைலான் சுருங்கி ஸ்பூலின் விளிம்புகளை வெளியே நெருக்கும். பழைய பிளாஸ்டிக் ஸ்பூல்கள் இதனால் வெடித்திருக்கின்றன.

செய்யாமல் விட்டவை

பக்கத்தட்டின் சிவப்பு, அலுமினியத்தின் மேல் ஆனடைசிங் செய்து, அதாவது மின்வேதி முறையில் ஆக்சைடு படலம் உண்டாக்கி, ஏற்றிய சாயம். ஒரு பக்கம் சற்று வெளிறியிருந்தது; நீண்ட காலம் வெயில் பட்ட அடையாளம். அதை மீட்க வழியில்லை. மெருகுபசை போட்டால் மிச்சமிருக்கும் சாயமும் போகும். காரத்தன்மை மிக்க சோப்பும் அந்தப் படலத்தை அரிக்கும். வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, பருத்தித் துணி ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டேன். குரோமின் மேலிருந்த பச்சையை எண்ணெய் தடவி ஊறவைத்து மூங்கில் குச்சியால் நீக்கினேன். கீழே சில நுண்குழிகள் தெரிந்தன. மறுபடி குரோம் பூசினால் ரீல் பளபளக்கும். அதன் வயதைச் சொல்லும் சான்று அழிந்துவிடும்.

சேகரிப்பில் வேறு பொருள்களால் ஆன ரீல்கள் இருந்தால் கவனம் இன்னும் கூட வேண்டும். கெட்டி ரப்பர் பக்கத்தட்டுகள் வெந்நீரிலும் வெயிலிலும் கறுப்பு நிறம் இழந்து பழுப்பேறும். செல்லுலாய்டு கைப்பிடிக் குமிழ்கள் சிதையத் தொடங்கினால் அமில ஆவியை வெளிவிடும். மூடிய பெட்டியில் அந்த ஆவி பக்கத்திலுள்ள உலோகம் முழுவதையும் அரித்துவிடும். அத்தகைய ரீலைக் காற்றோட்டமான இடத்தில், மற்றவற்றிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். மீக் போன்ற கைவேலை ரீல்களை நான் வீச மாட்டேன், யாரையும் வீசச் சொல்லவும் மாட்டேன். அவற்றின் ஒவ்வொரு பல்லும் ஒருவர் கையால் வெட்டியது, உதிரி என்று ஒன்று இல்லை. அம்பாசடர் ஆலைப் பொருள். உதிரிகள் இன்றும் கிடைக்கின்றன. அதை வீசாமல் கண்ணாடிக்குள் வைப்பதுதான் எனக்கு வருத்தம் தரும்.

நீரின் மேல்

இதன் பல்சக்கர விகிதம் 3.6க்கு 1. கைப்பிடியின் ஒரு சுற்றுக்குச் சுமார் 40 செ.மீ நரம்பு உள்ளே வரும். இன்றைய வேக ரீல்களில் பாதி. இதைக் குறையாகப் பார்ப்பவர் வேகமாக இழுக்க வேண்டிய இரையை இதில் கட்டியிருப்பார். ஆழத்தில் மெல்ல நீந்த வேண்டிய இரை, நீரை அதிகம் எதிர்க்கும் பெரிய உதடுள்ள இரை, சுழலும் தகடு வைத்த கனமான இரை ஆகியவற்றுக்கு இந்த மெதுவான இழுவை வரம். குறைந்த விகிதம் கைக்கு அதிக வலுவைத் தருகிறது. அவசரப்படும் கையையும் அது அடக்குகிறது. 15 முதல் 30 கிராம் வரை எடையுள்ள இரைகளோடு, நடுத்தர வளைவுள்ள நீளமான கோலில் வைத்து இப்போது இதைப் பயன்படுத்துகிறேன். விறைப்பான கோல் இரையைச் சட்டென்று விடுவிக்கும். ஸ்பூலும் அதே வேகத்தில் திடுக்கிட்டுக் கிளம்பும். மெல்ல வளைந்து நிமிரும் கோலில் ஸ்பூல் படிப்படியாக வேகமெடுக்கிறது. பழைய ரீலுக்கு அந்தக் கோல்தான் சரியான துணை.

உப்புநீருக்கு இதைக் கொண்டுபோவதில்லை. நன்னீரிலிருந்து திரும்பியதும் ஈரத்துணியால் துடைத்து, திறந்து காயவைக்கிறேன். ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் பிரேக் வளையத்தில் எண்ணெய் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. நாக்கின் தேய்ந்த முனை எப்படியும் ஒருநாள் விடைபெறும். உதிரிக் குழாயில் புதிய நாக்கு ஒன்று இருக்கிறது. மாற்றும் நாளில் பழையதைத் தேதி எழுதிய உறையில் போட்டு, தொலையாமல் தப்பிய அந்தப் பழைய பிரேக் கட்டையோடு சேர்த்து வைப்பேன்.